நாமினி அண்ணன் என்றால் வீடு அண்ணனுடையதா? மும்பை பிளாட், ஆச்சியின் பங்கு, தம்பிக்கு ஒரு டிரஸ்ட்

கேள்வியின் சாரம் இது. செம்பூரில் ஒரு சொசைட்டி பிளாட். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அப்பா தன் சொந்தப் பணத்தில் வாங்கியது. அவர் உயில் எழுதாமல் காலமாகிவிட்டார். சொசைட்டி பதிவேட்டில் நாமினியாக இருப்பது அண்ணன். மும்பையில் அம்மா, அண்ணன், கேள்வி கேட்டவர், அறிவுசார் குறைபாடுள்ள 34 வயதுத் தம்பி ஆகியோர் இருக்கிறார்கள். அப்பாவைப் பெற்ற ஆச்சி தென்காசிப் பக்கம் சித்தப்பா வீட்டில் இருக்கிறார். தாத்தா இல்லை, அத்தை ஒருவர் உண்டு. "நாமினி நான்தானே, எல்லாரும் ரிலீஸ் டீடில் (பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில்) கையெழுத்துப் போட்டுவிடுங்கள்" என்கிறார் அண்ணன். சொசைட்டி செக்ரட்டரியும் அதற்குத் தலையாட்டுகிறார். தம்பிக்கு டிரஸ்ட் வைக்க முடியுமா என்று அம்மா கேட்கிறார்.

முதலில் நாமினி விஷயம். மகாராஷ்டிர கூட்டுறவுச் சங்கச் சட்டத்தில் 2019இல் சேர்க்கப்பட்ட 154பி-13ஆம் பிரிவு இதைத் தெளிவாகவே சொல்கிறது. உறுப்பினர் இறந்தால் நாமினியை 'தற்காலிக உறுப்பினராக' மட்டுமே சேர்க்க வேண்டும். சட்டப்படியான வாரிசுகள் உறுப்பினராகும் வரைதான் அந்த ஏற்பாடு. மெயின்டனன்ஸ் பில் யார் பெயரில் வரும், கூட்டத்துக்கு நோட்டீஸ் யாருக்குப் போகும் என்பதற்கெல்லாம் நாமினி போதும். வீடு யாருக்கு என்பதை வாரிசுரிமைச் சட்டம்தான் தீர்மானிக்கும். ஷேர், மியூச்சுவல் ஃபண்ட் விஷயத்திலும் 2023 டிசம்பரில் உச்சநீதிமன்றம் இதையே சொன்னது: நாமினி சொத்தைப் பெற்றுக்கொள்பவர், உரிமையாளர் அல்ல. ஆகவே அண்ணன் நாமினியாக விண்ணப்பிப்பதைத் தடுக்க வேண்டியதில்லை. அதே நாளில் மற்ற வாரிசுகளின் பெயர்களைக் குறிப்பிட்டு, "தற்காலிக உறுப்பினராக மட்டும் சேர்க்கவும், வாரிசுகள் அனைவரின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் விற்பனைக்கு என்ஓசி (ஆட்சேபனையில்லாச் சான்று) தரவேண்டாம்" என்று கமிட்டிக்கு ஒரு கடிதம் கொடுங்கள். நகலில் சொசைட்டி முத்திரையுடன் 'பெற்றுக்கொண்டோம்' கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் தகராறு வந்தால் அந்த ஒரு தாள் பெரிய வேலை செய்யும். வாரிசுகளுக்கு மாற்றும்போது டிரான்ஸ்ஃபர் பிரீமியம் (பெயர் மாற்றத்துக்காக சொசைட்டி வாங்கும் தொகை) கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள். கேட்கும் கமிட்டிகள் உண்டு.

இனி யார் யாருக்கு எவ்வளவு? உங்கள் கடிதத்தில் ஆச்சியைப் போகிற போக்கில்தான் சொல்லியிருக்கிறீர்கள். இந்தக் குடும்பத்தில் மிகக் கவனமாகப் பார்க்க வேண்டியவர் அவர்தான். இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956இன் 8ஆம் பிரிவுப்படி உயில் எழுதாமல் இறந்த ஆணின் முதல் வகுப்பு வாரிசுகளில் மகன், மகள், விதவை மனைவியோடு இறந்தவரின் தாயும் சமபங்குக்காரர். தந்தைக்கு அந்த இடம் இல்லை, தாய்க்கு உண்டு. ஆகவே பிளாட் நாலு பங்கு அல்ல, ஐந்து பங்கு: அம்மா, அண்ணன், நீங்கள், தம்பி, ஆச்சி. ஆளுக்கு ஐந்தில் ஒன்று. மும்பையில் நான் பார்க்கும் குடும்ப ஒப்பந்தங்களில் அடிக்கடி விடுபட்டுப்போவது இந்த ஐந்தாவது பெயர்தான். ஊரில் இருக்கும் வயதான தாயைக் கேட்க வேண்டும் என்றே யாருக்கும் தோன்றுவதில்லை.

விட்டுவிட்டால் என்ன ஆகும்? ஆச்சி தன் பங்கைப் பற்றி ஒன்றும் எழுதாமல் காலமானால், அவர் பங்கு 15ஆம் பிரிவுப்படி அவருடைய பிள்ளைகளுக்குப் போகும். மூன்று பிள்ளைகள் என்பதால் ஐந்தில் ஒன்று மூன்றாகப் பிரியும்: சித்தப்பாவுக்கு பதினைந்தில் ஒன்று, அத்தைக்கு பதினைந்தில் ஒன்று. அப்பாவின் கிளைக்கு வரும் பதினைந்தில் ஒன்றை நீங்கள் மூன்று பேர் பகிர்ந்துகொள்ள வேண்டும். அதில் அம்மாவுக்கு ஒன்றும் இல்லை. முன்பே இறந்த மகனின் பிள்ளைகளுக்கு அந்தப் பிரிவில் இடம் உண்டு, அவன் மனைவிக்கு இல்லை. முடிவில் 45 பங்காக வைத்துப் பார்த்தால் பிள்ளைகள் ஆளுக்கு 10, அம்மா 9, சித்தப்பா 3, அத்தை 3. தென்காசியில் இருக்கும் இருவர் செம்பூர் பிளாட்டின் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டிய நிலை வரும். பத்து வருடம் கழித்து பிளாட்டை விற்கும்போதோ கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டும் ரீடெவலப்மென்டுக்குப் போகும்போதோ, வாங்குபவரின் வங்கி வக்கீல் "இறந்தவரின் தாய் அன்று உயிரோடு இருந்தாரா?" என்று கேட்பார். அப்போது தேடிப் போவதைவிட இப்போதே கேட்பது எளிது.

ஆச்சி மனமுவந்து விட்டுக்கொடுத்தால் பதிவு செய்த விடுதலைப் பத்திரம் வேண்டும். வெள்ளைத்தாளில் "எனக்கு ஆட்சேபனை இல்லை" என்று எழுதி நோட்டரி முத்திரை குத்துவது போதாது. அசையாச் சொத்தில் உள்ள உரிமையை விடுவது கட்டாயப் பதிவுக்கு உட்பட்டது. பிளாட் மும்பையில் இருப்பதால் பதிவும் மும்பையின் சார்பதிவாளர் அலுவலகத்தில்தான். தென்காசியில் பதிய முடியாது. ஆனால் 80ஐத் தாண்டியவரை ரயிலேற்றிக் கொண்டுவர வேண்டியதில்லை. பதிவுச் சட்டத்தின் 33ஆம் பிரிவில் வழி இருக்கிறது. பத்திரத்தில் ஆச்சியே கையெழுத்தோ கைரேகையோ வைப்பார். அதைப் பதிவுக்குத் தாக்கல் செய்து ஒப்புக்கொள்ள மட்டும் ஒருவருக்குப் பவர் கொடுப்பார். அந்தப் பவரை அவர் வசிக்கும் பகுதியின் சார்பதிவாளர் சான்றளிக்க வேண்டும். நோட்டரி பவர் இதற்குச் செல்லாது. நடக்க முடியாதவர் என்றால் சார்பதிவாளர் வீட்டுக்கே வந்து பார்க்கவும் அதே பிரிவு இடம் தருகிறது. ஸ்டாம்ப் டியூட்டியைக் கையெழுத்துக்கு முன்பே மகாராஷ்டிரக் கணக்கில் கட்டிவிடுங்கள். கையெழுத்தான நாளிலிருந்து நாலு மாதத்துக்குள் பதிவுக்கு வந்துவிட வேண்டும்.

பணம் கைமாறாமல் நெருங்கிய உறவுக்குள் விட்டுக்கொடுத்தால் மகாராஷ்டிரத்தில் ஸ்டாம்ப் டியூட்டி பெயரளவுதான். "சும்மா ஒரு தொகை" என்று ஐந்து லட்சம் எழுதினீர்களோ, அது விற்பனைக்கு உண்டான டியூட்டிக்குப் போய்விடும். இன்னொன்று: விடுதலைப் பத்திரம் ஏற்கெனவே பங்கு உள்ளவருக்குத்தான் எழுத முடியும். அண்ணன் மனைவி பெயருக்கோ உங்கள் கணவர் பெயருக்கோ எழுதினால் அது தானம், கணக்கே வேறு. சலுகைப் பட்டியலில் பேரன் பேத்திகள் நேரடியாக இருக்கிறார்கள். ஆச்சியின் மருமகளான உங்கள் அம்மாவுக்கு என்று எழுதினால் பதிவு அலுவலகத்தில் கேள்வி எழலாம். ஆச்சியின் பங்கைத் தம்பி பெயருக்கு எழுதச் சொல்வதே என் யோசனை. காரணம் கீழே வருகிறது.

தம்பிக்கு வருவோம். அவர் பங்கும் ஐந்தில் ஒன்றுதான், ஒரு குண்டூசி குறையாமல். நோயோ குறைபாடோ வாரிசுரிமையைப் பறிக்காது என்று இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 28ஆம் பிரிவு நேராகவே சொல்கிறது. அண்ணன் தயாரித்திருக்கும் ரிலீஸ் டீடில் தம்பி கையெழுத்துப் போட்டால் அது செல்லாது. என்ன எழுதியிருக்கிறது என்று புரிந்து தானே முடிவெடுக்க முடியாதவருக்கு ஒப்பந்தம் செய்யும் தகுதி சட்டத்தில் இல்லை. அம்மா அவருக்காகப் போட்டாலும் செல்லாது. 18 வயது தாண்டிய பிள்ளைக்குத் தாய் தானாகவே காப்பாளர் ஆகிவிடுவதில்லை. பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் 1999ஆம் ஆண்டின் தேசிய டிரஸ்ட் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழு காப்பாளரை நியமிக்கும். செம்பூர் மும்பை புறநகர் மாவட்டத்தில் வருகிறது. மனு அங்கே போகும். தம்பியின் குறைபாட்டுச் சான்றிதழ், அம்மாவின் அடையாள ஆவணங்கள், மற்ற நெருங்கிய உறவினரின் சம்மதக் கடிதம் ஆகியவற்றோடு போங்கள். அம்மாவை மட்டும் கேட்காதீர்கள். அம்மாவையும் உங்களையும் கூட்டாகக் கேட்பது நல்லது. அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டாம். நியமனம் ஆனதும் ஆறு மாதத்துக்குள் தம்பியின் சொத்துப் பட்டியலும், ஒவ்வொரு நிதியாண்டு முடிந்த மூன்று மாதத்துக்குள் வரவு செலவும் தர வேண்டும். பட்டியல் தராமல் விடுபவர்கள் அதிகம். பிறகு காப்பாளரை மாற்றக் கேட்கும் உறவினருக்கு அதுவே கைப்பிடி. மனநோய் மட்டும் என்றால் இந்தச் சட்டம் பொருந்தாது, நீதிமன்றம்தான்.

காப்பாளர் வந்த பிறகும் தம்பியின் பங்கை இலவசமாக விட்டுக்கொடுக்க முடியாது. அது அவர் நலனுக்கு எதிரானது, எந்த நீதிமன்றத்திலும் நிற்காது. ஆகவே "எல்லாரும் அண்ணனுக்கு ரிலீஸ்" என்ற திட்டம் இந்தக் குடும்பத்தில் நடக்கவே வழியில்லை. நடக்கக்கூடியது, தம்பிக்குச் சாதகமாக மற்றவர்கள் விடுவது. பெறுவதில் அவருக்கு நஷ்டம் இல்லை, காப்பாளர் ஏற்றுக்கொள்வார். ஆச்சியின் பங்கை அவர் பெயருக்கு எழுதச் சொன்னது அதனால்தான்.

சொசைட்டிக்கு என்ன காகிதம் காட்டுவது? 154பி-13இல் உயில், சக்சஷன் சர்டிபிகேட், வாரிசுச் சான்றிதழ், வாரிசுகள் கையெழுத்திட்ட குடும்ப ஒப்பந்தம் என்று நாலு வரிசையாக நிற்கின்றன. செக்ரட்டரிகள் அதைப் படித்துவிட்டு "சக்சஷன் சர்டிபிகேட் கொண்டாங்க" என்பார்கள். அது கடன்களுக்கும் பங்குப் பத்திரங்களுக்கும் உரியது. வங்கி டெபாசிட்டையும் ஷேரையும் எடுக்கப் பயன்படும்; வீட்டின் உரிமைக்கு அதை நம்பிக் காசு செலவழிக்காதீர்கள். தமிழ்நாட்டில் தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழும் உறவைச் சொல்லும், பங்கைச் சொல்லாது. மும்பையில் வாரிசுச் சான்றிதழ் என்றால் 1827ஆம் ஆண்டின் பம்பாய் ஒழுங்குமுறை எட்டின்படி நீதிமன்றம் தருவது. இருநூறு வயதை நெருங்கும் அந்தச் சட்டம் இன்னும் நடமாடுகிறது. குடும்ப ஒப்பந்தம் சிக்கனமான வழி, ஆனால் தம்பிக்காக யார் கையெழுத்திடுவது என்ற கேள்வி உங்களுக்குத் தடை.

பிளாட்டை இப்போது விற்கும் எண்ணம் இல்லை என்றால் வாரிசுச் சான்றிதழோடு எல்லோர் பெயரையும் சொசைட்டி தரும் ஷேர் சர்டிபிகேட்டில் ஏற்றிக்கொள்ளலாம். அம்மா பெயர் முதலில் இருக்கட்டும். விற்பனையோ ரீடெவலப்மென்டோ கண்ணில் தெரிந்தால் உயர்நீதிமன்றத்தில் லெட்டர்ஸ் ஆஃப் அட்மினிஸ்ட்ரேஷன் (இறந்தவரின் சொத்தை நிர்வகிக்க நீதிமன்றம் தரும் அதிகாரம்) வாங்குவது மேல். உயில் இல்லாத இந்துவின் சொத்துக்கு அது கட்டாயம் இல்லை. ஆனால் வாங்குபவரின் வங்கி மறுபேச்சில்லாமல் ஏற்கும் காகிதம் அது. மகாராஷ்டிரத்தில் இதற்கான நீதிமன்றக் கட்டணத்துக்கு 75,000 ரூபாய் உச்சவரம்பு உண்டு. வக்கீல் கட்டணம் தனி. சொத்தை ஒழுங்காக நிர்வகிப்பேன் என்ற உறுதிப் பத்திரமும் பிணையாளும் கேட்பார்கள் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. சொத்து மதிப்புக்கு ஈடான பிணையாளைக் கடைசி வாரத்தில் தேடினால் கிடைக்கமாட்டார்.

பிளாட் என்று நீங்கள் சொல்வது பகடி வீடாக, அதாவது மொத்தத் தொகை கொடுத்து வாடகை உரிமை மட்டும் வாங்கிய வீடாக இருந்தால் மேலே சொன்ன பாதி பொருந்தாது. மாட்டுங்காவில் இன்னும் பல குடும்பங்கள் அப்படித்தான் இருக்கின்றன. அங்கே வாடகை உரிமை, இறக்கும்போது கூடவே வசித்த குடும்ப உறுப்பினருக்குப் போகும் என்று 1999ஆம் ஆண்டின் மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் சொல்கிறது.

வங்கிப் பணத்தில் சிக்கல் குறைவு. நாமினி இருந்தால் வங்கி கொடுத்துவிடும், வாங்கியவர் பங்குப்படி பிரிக்கக் கடமைப்பட்டவர். ஆச்சியின் பங்கு இதிலும் உண்டு. இன்சூரன்ஸ் கொஞ்சம் வேறு. 2015 திருத்தத்துக்குப் பின் மனைவி, பிள்ளை, பெற்றோர் நாமினியாக இருந்தால் பணம் அவர்களுக்கே என்று இன்சூரன்ஸ் சட்டத்தின் 39ஆம் பிரிவு சொல்வதுபோல் இருக்கிறது, ஆனால் உயர்நீதிமன்றங்கள் இதில் ஒரே குரலில் பேசவில்லை. பெரிய தொகையாக இருந்தால் எழுத்தில் ஒத்துக்கொண்டு பிரியுங்கள். அம்மா தன் டெபாசிட்டுகளுக்கு நாமினி போடும்போது ஒன்று கவனிக்க வேண்டும். 2025 நவம்பர் 1 முதல் ஒரு கணக்குக்கு நான்கு நாமினிகள் வரை போடலாம். பாசத்தில் தம்பியை நாமினியாகப் போட்டுவிடாதீர்கள். பணம் அவர் பெயரில் வந்து நிற்கும். எடுத்துச் செலவழிக்கக் கையெழுத்து இருக்காது.

டிரஸ்ட் பற்றி. நீங்கள் கேட்பது தனியார் டிரஸ்ட். 1882ஆம் ஆண்டின் இந்திய டிரஸ்ட் சட்டத்தில் வருவது. சாரிட்டி கமிஷனரிடம் போக வேண்டியதில்லை, அது பொது அறக்கட்டளைகளுக்கு. உருவாக்குபவர் அம்மா, பயனாளி தம்பி, இடையில் டிரஸ்டிகள். பிளாட்டின் பங்கை இப்போதே டிரஸ்டுக்கு எழுதினால் பதிவும் ஸ்டாம்ப் டியூட்டியும் வரும், உறவுக்கான சலுகையும் கிடைக்காது. அதனால் இரண்டு படியாகச் செய்யுங்கள். இப்போது அம்மா ஒரு சிறு டெபாசிட் தொகையை வைத்து டிரஸ்ட் பத்திரம் எழுதி, பான் எண் வாங்கி, வங்கிக் கணக்கும் திறந்துவிடட்டும். தன் பிளாட் பங்கையும் மீதிப் பணத்தையும் உயிலில் அந்த டிரஸ்டுக்கு எழுதட்டும். உயிலுக்கு ஸ்டாம்ப் டியூட்டி கிடையாது. அம்மா இருக்கும்போதே டிரஸ்டிகள் இரண்டு மூன்று வருடம் கணக்கு எழுதிப் பழகினால், யாரால் முடியும் யாரால் முடியாது என்பதும் தெரிந்துவிடும்.

வரியில் ஒரு முடிச்சு இருக்கிறது. வருமானம் முழுதும் தம்பிக்கே என்று திட்டவட்டமாக எழுதினால் அவருக்குரிய விகிதத்திலேயே வரி. டிரஸ்டிகள் விருப்பம்போல் கொடுக்கலாம் என்று எழுதினால் பொதுவாக உச்ச விகிதம். முதலாவதுதான் லாபம் என்று தோன்றும். ஆனால் அப்பா ரயில்வே ஓய்வூதியர். அம்மாவுக்குப் பின் குறைபாடுள்ள மகனுக்கு ஆயுள் முழுதும் குடும்ப ஓய்வூதியம் உண்டு, அவருடைய மற்ற வருமானம் ஒரு வரம்புக்குள் இருந்தால். டிரஸ்ட் வட்டி அவர் கணக்கில் ஏறி அந்த வரம்பைத் தாண்டிவிடக் கூடாது. பத்திரம் எழுதும் வக்கீலும் வரி பார்க்கும் ஆடிட்டரும் ஒரே மேசையில் உட்கார்ந்து இதைக் கணக்குப் போட வேண்டும். பிபிஓவில் (ஓய்வூதியம் வழங்கும் ஆணையில்) தம்பியின் பெயரை அம்மா இருக்கும்போதே சேர்த்துவிடுங்கள். பிறகு சேர்ப்பது பெரும் அலைச்சல்.

அம்மாவின் உயில் தமிழில் இருக்கலாம். நீதிமன்றத்துக்குப் போனால் மொழிபெயர்ப்பு இணைக்க வேண்டும், அவ்வளவுதான். ஆங்கிலத்தில் எழுதினால் "தமிழில் வாசித்து விளக்கப்பட்டது, புரிந்துகொண்டு கையெழுத்திட்டேன்" என்ற வரி கட்டாயம் இருக்கட்டும், விளக்கியவர் யார் என்பதும். சாட்சிகள் இரண்டு பேர். அம்மா அவர்கள் முன்னால் கையெழுத்திட வேண்டும், அவர்களும் அம்மா முன்னால் இட வேண்டும். அம்மாவைவிட இளையவர்களாகவும் மும்பையிலேயே இருக்கப்போகிறவர்களாகவும் பாருங்கள்; ஒருவராவது பின்னாளில் வந்து சொல்ல வேண்டும். பயன்பெறுபவரே வக்கீலை அழைத்துவந்து உயிலை எழுதவைத்தால் நீதிமன்றம் சந்தேகத்தோடு பார்க்கும். ஆகவே ஏற்பாட்டில் நீங்களோ அண்ணனோ முன்னால் நிற்காதீர்கள். அம்மா எழுத முடிவது தன் ஐந்தில் ஒரு பங்கை மட்டுமே. "என் பிளாட்டை" என்று முழுதாக எழுதிய உயில்கள்தான் வழக்கில் நெளிகின்றன.

மும்பையில் உள்ள சொத்து பற்றிய இந்து உயிலுக்கு முன்பு புரொபேட் (உயில் உண்மையானது என்று நீதிமன்றம் தரும் சான்று) கட்டாயமாக இருந்தது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் அதற்கு ஆதாரமான, இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 213ஆம் பிரிவை நீக்கிவிட்டது. விரும்பினால் வாங்கும் வழி அப்படியே இருக்கிறது. வாரிசுகளில் ஒருவர் முறைத்துக்கொண்டிருந்தால் வாங்குவதே நல்லது. உயர்நீதிமன்றம் தரும் புரொபேட் பொதுவாக மற்ற மாநிலங்களிலும் செல்லும் என்பதால் அம்மாவுக்குத் தென்காசியில் ஏதாவது நிலம் இருந்தாலும் தனி மனு வேண்டாம். இறந்து மூன்று வருடத்துக்குப் பின் மனு போட்டால் தாமதத்துக்குக் காரணம் எழுத வேண்டும்.

டிரஸ்ட் பத்திரத்தில் இரண்டு உட்பிரிவுகளைத் தயாராக அச்சடித்த படிவங்களில் காண்பது அரிது, கேட்டு எழுதச் சொல்லுங்கள். ஒன்று, கையெழுத்து. இந்திய டிரஸ்ட் சட்டத்தின் 48ஆம் பிரிவுப்படி டிரஸ்டிகள் எல்லோரும் சேர்ந்தே செயல்பட வேண்டும், பத்திரம் வேறு மாதிரி சொன்னாலொழிய. மூவரில் ஒருவர் துபாயில் இருந்தால் மருந்துக் கடைக்கான காசோலைகூட கையெழுத்தாகாமல் நின்றுபோகும். மாதச் செலவுக்கு எவரேனும் இருவர், சொத்து விற்க மூவரும் என்று பிரித்து எழுதுங்கள். இன்னொன்று, விலகல். பொறுப்பேற்ற டிரஸ்டி நினைத்த நேரத்தில் விலக முடியாது. நீதிமன்ற அனுமதியோ, பத்திரத்திலேயே வழியோ இருக்க வேண்டும். பயனாளியின் சம்மதத்தோடு விலகலாம் என்ற வழி தம்பியின் நிலையில் அடைபட்டது. அண்ணன், நீங்கள், குடும்பத்துக்கு வெளியே ஓர் ஆடிட்டர் என்று மூன்று பேரைப் போட்டு, ஒவ்வொருவருக்கும் மாற்று ஆளின் பெயரையும், எத்தனை நாள் நோட்டீஸில் விலகலாம் என்பதையும் எழுதிவிடுங்கள். தம்பியின் காலத்துக்குப் பின் மீதி யாருக்கு என்ற வரியில் டிரஸ்டிகளின் பெயரே வந்தால், தம்பிக்குச் செலவழிக்க அவர்களுக்கே கை வராது. அந்த இடத்தில் அடுத்த தலைமுறையின் பெயரையோ ஒரு தொண்டு நிறுவனத்தின் பெயரையோ எழுதச் சொல்லி அம்மாவிடம் பேசுங்கள்.